நம் வீட்டில் குளிர்கிறது என்று யாரும் சொல்லவில்லை

என் அன்பான பிடிவாதக்காரருக்கு,

நீங்கள் இல்லாத முதல் குளிர்காலம் இது. நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று கேட்பீர்கள். இன்றைக்கு நன்றாக இருக்கிறோம். போன வாரம் இதே கிழமை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ! உங்கள் அப்பாவை அன்றைக்குப் பறிகொடுக்க இருந்தோம். எல்லாவற்றையும் சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னைத் திட்டுங்கள். அதற்கு முன்னால் நான் உங்களைத் திட்ட வேண்டியிருக்கிறது.

ஹீட்டிங் ஆயில் சமாச்சாரமெல்லாம் உங்கள் இலாகா. பேஸ்மென்ட்டில் ஒரு டாங்க் இருக்கிறது, அது காலியானால் வீடு விறைத்துவிடும், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெருவில் பாதிப் பேர் காஸுக்கு மாறியபோது, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் கல்யாணி" என்றீர்கள். அந்த அடுத்த வருஷம் வந்துவிட்டது. நீங்கள் எங்கே?

ஆயில் கம்பெனிக்குப் போன் செய்து விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. குறைந்தது நூறு காலன் வாங்கினால்தான் வண்டியே வருமாம். என் ஒரு சம்பளத்தில் வீட்டுக் கடனைக் கட்டி, உங்கள் ஆஸ்பத்திரி பாக்கியைக் கட்டி, நூறு காலனுக்கு எங்கே போவேன்? இருக்கிறதை வைத்து ஓட்டலாம் என்று தெர்மோஸ்டாட்டை அறுபத்திரண்டு ஃபாரன்ஹீட்டுக்கு இறக்கினேன். நானும் உங்கள் செல்ல மகள் யாழினியும் சேர்ந்து ஜன்னலுக்கெல்லாம் பிளாஸ்டிக் ஒட்டி, ஹேர் டிரையரால் காற்றடித்து இழுத்துக் கட்டினோம். ஒரு பொட்டுக் காற்று உள்ளே வராது என்று எனக்கு அப்போது பெருமை வேறு.

யாரிடமும் மூச்சு விடவில்லை. நம் கஷ்டம் நாலு பேர் வாயில் விழக் கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம் அல்லவா? வேலை போன அந்த ஆறு மாதமும் தினம் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு லைப்ரரியில் போய் உட்கார்ந்திருந்த மனுஷர்தானே நீங்கள்! நானும் உங்கள் சட்டத்தைக் கட்டிக் காத்தேன்.

ஜனவரியில் டாங்க் முள் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. அவசரத்துக்கு டீசல் வாங்கி ஊற்றலாம் என்று எங்கேயோ படித்துவிட்டு, மஞ்சள் கேனைத் தூக்கிக்கொண்டு கேஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ஐந்து காலன் ஒரு நாள் தாங்கும், பல்லைக் கடித்துக்கொண்டால் இரண்டு நாள். பார்த்துப் பார்த்து அங்கேயா சாரதா ஆன்ட்டி வர வேண்டும்? அதுதான், நம் பின் தெரு சாரதா ஆன்ட்டி, நவராத்திரிக்கு ஊரையே கூப்பிட்டுச் சுண்டல் கொடுப்பவர்.

"என்னம்மா, கேனும் கையுமா நிக்கற? டீசல் கார் வாங்கிட்டியா?"

"ஜெனரேட்டருக்கு ஆன்ட்டி. ஸ்னோ வருதாமே, பவர் போச்சுன்னா?"

நம்மிடம் ஜெனரேட்டர் ஏது? வாய் கூசாமல் சொன்னேன். ஆன்ட்டி கேனைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "நல்லதும்மா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. அறுபத்திரண்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போவேன், சாயங்காலம் வந்து பார்த்தால் ஐம்பத்தைந்தில் இருக்கும். யாழினியைப் பிடித்துக் காய்ச்சினேன். "நான் தொடவே இல்லம்மா, ஐ ஸ்வேர்!" என்று அழுதாள் பிள்ளை. பதினாலு வயதுப் பெண்ணை நான் நம்பவில்லை. மாமாவைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருப்பார். "குளுருதா மாமா?" என்றால், "சேச்சே, எனக்கென்னம்மா, திருச்சி மார்கழி மாதிரி இதமா இருக்கு" என்பார். உங்கள் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலையிலிருந்தே பனி கொட்டியது. பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். நான் லேபில் இருக்கிறேன், யாழினி போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, தாத்தா கண்ணத் தொறக்க மாட்டேங்கறார். ரூம்ல பார்பெக்யூ ஸ்மெல் வருது."

ஆஸ்பத்திரி லேபில் இத்தனை வருஷம் ரத்தம் பார்க்கிறவளுக்குத் தெரியாதா, மூடின அறையில் கரிப்புகை என்ன செய்யும் என்று! "தாத்தாவ வெளிய இழுடி! மொதல்ல வாசக் கதவத் தொற!" என்று கத்தினேன். "ஹீ இஸ் டூ ஹெவி மா!" என்று அழுகிறாள். "இழுடி! அப்புறம் அழலாம், இழு!" போர்வையோடு சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து வாசல் பனியில் கிடத்திவிட்டு, அவளே 911 அடித்திருக்கிறாள். நம் பெண்.

வீட்டுக்கு இருபது நிமிஷப் பாதை அன்றைக்கு ஒரு மணி நேரம். முன்னால் போகிற கார் எல்லாம் ஊர்கிறது. ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டே உங்களைத்தான் கூப்பிட்டேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள், நான் இன்னொரு தடவை தாங்க மாட்டேன் என்று வாய்விட்டு அலறினேன். கேட்டதா உங்களுக்கு?

நடந்தது இதுதான். கராஜில் கிடந்த பார்பெக்யூ கரியை இரும்புச் சட்டியில் போட்டுக் கனலாக்கி, சாம்பிராணி போடுகிற மாதிரி கட்டிலடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். கதவைச் சாத்தி, சூடு வெளியே போகாமல் அடியில் துண்டைச் சொருகியிருக்கிறார். ஊரில் ஓட்டு வீட்டில் எத்தனை கரி எரித்தாலும் சந்து பொந்து வழியாகப் போய்விடும். இங்கேதான் நான் ஒரு பொட்டுக் காற்று விடாமல் ஒட்டி வைத்திருக்கிறேனே.

வீட்டுக்குள் விஷவாயு அளக்கிற மீட்டரோடு போய் வந்த தீயணைப்புக்காரர் ஹால் கூரையைக் காட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இந்த அலாரத்தின் பேட்டரி எங்கே? புகைக்கும் விஷவாயுவுக்கும் சேர்த்து இருந்த ஒரே அலாரம் அது. ரசத்துக்கு மிளகாய் கிள்ளித் தாளித்தாலே வீல் வீலென்று கத்துகிறது என்று ஸ்டூலில் ஏறிப் பேட்டரியைப் பிடுங்கினீர்களே! "தாளிப்புக்குப் பயந்த மெஷின்" என்று சொல்லி, அதை டிவி ரிமோட்டில் போட்டீர்கள். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் நான். இரண்டு வருஷம் அந்த ரிமோட்டில் சீரியல் பார்த்தவளும் நான்தான்.

ஆஸ்பத்திரியில் மாமாவுக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். கண் விழித்ததும் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஆம்புலன்ஸுக்கு ரொம்ப ஆகுமாம்மா?"

அப்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் மாமாவிடம் குரலை உயர்த்தியதில்லை, அன்றைக்குக் கத்திவிட்டேன். "உங்க பையனத் தூக்கிக் குடுத்தது போறாதா மாமா? அந்தக் குழந்தை உங்களப் பனியில இழுத்துட்டு வந்திருக்கா! குளுருதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ போன்ல ஆயில் வெல கேட்டப்ப ஒன் கொரல் நடுங்கிச்சும்மா. நான் பக்கத்து ரூம்ல இருந்தேன். அதான் நீ போனதும் கொறச்சு வச்சுருவேன்."

நான் எழுந்து காரிடாருக்குப் போய் அழுதேன். ஆம்புலன்ஸ் வந்து போனது தெரிந்து, அங்கேதான் பிளாஸ்கோடு வந்து நின்றார் சாரதா ஆன்ட்டி. அவரிடம் ஜெனரேட்டர் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும்டி," என்றார். "அன்னிக்கு என் கார் டிக்கியிலயும் ஒரு கேன் இருந்துது. ஒன்னப் பாத்ததும் எடுக்க வெக்கமாப் போச்சு, அப்படியே திரும்பிட்டேன். அங்கிள் ரிட்டயர் ஆனதுலேர்ந்து எங்க வீட்லயும் மாடிக்கு ஹீட் கெடையாது."

ஒரே இடத்துக்கு, ஒரே காரியத்துக்கு வந்து நின்றிருக்கிறோம், ஒருத்தி முன்னால் ஒருத்தி நடித்திருக்கிறோம். இதை என்னவென்று சொல்வது? திங்கட்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து போய் ஹீட்டிங் செலவுக்கான அரசாங்க உதவிக்கு மனுக் கொடுத்தோம். கிடைக்குமா, தெரியாது. உங்கள் கேமராவை விற்று நூறு காலன் நிரப்பியிருக்கிறேன். முறைக்காதீர்கள். ரிமோட் இப்போது வேலை செய்யாது, அலாரம் வேலை செய்யும். யாழினியிடம் மன்னிப்புக் கேட்டேன். "இட்ஸ் ஓகே மா" என்கிறாள், ஆனால் தாத்தா ரூம் கதவைச் சாத்த மட்டும் விடுவதில்லை.

நேற்று மத்தியானம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாமா சமையலறைப் பக்கம் வந்தார், போனார், திரும்பவும் வந்தார். என்ன மாமா என்றேன். ஏதோ திருட்டை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அம்மாடி, எனக்குக் குளுருதும்மா."

ஈரக் கையோடு ஓடிப் போய் தெர்மோஸ்டாட்டை ஏற்றி வைத்தேன்.

இந்தக் கடிதத்தை நம் தமிழ்ச் சங்க மலருக்கு அனுப்புகிறேன், பெயரோடு. நாலு பேர் என்ன, நானூறு பேர் படிக்கட்டும். டிக்கியில் கேனை ஒளித்து வைத்திருக்கிற இன்னொரு வீடும் படிக்கட்டும். உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன்: இனி நம் வீட்டில் யாருக்குக் குளிர்ந்தாலும் வாய்விட்டுச் சொல்வோம். முதலில் நான் சொல்கிறேன். நீங்கள் இல்லாமல் எனக்கு ரொம்பக் குளிர்கிறது.

உங்கள் சட்டத்தை மீறிய உங்கள் மனைவி,
கல்யாணி
நியூ ஜெர்சி