ஓரம் நசுங்கிய காசு

என் செல்லத்துக்கு,

அப்பா நன்றாக இருக்கிறார் என்றுதான் நேற்றும் போனில் சொன்னேன். அவர் பக்கத்திலேயே இருந்தார்; வேறென்ன சொல்ல?

தன் சேகரிப்பில் ஏற்கெனவே இருக்கும் ஒரே நாணயத்தை மறுபடி மறுபடி ஏலத்தில் எடுக்கிறார். கேட்டால் சிரித்து மழுப்புகிறார். மனசு கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். சின்ன வயதில் நீ கீழே போட்டு ஓரம் நசுங்கிய, கப்பல் பொறித்த பழங்காசு நினைவிருக்கிறதா? வருகிறவர்களிடமெல்லாம் "என் பொண்ணு வச்ச முத்திரை" என்று காட்டுவாரே, அதைப் படமெடுத்து, அவர் வாங்கும் அதே இணையதளத்தில் வேறு பெயரில் ஏலத்துக்கு விட்டேன். "அடியே, என் காசை எனக்கே விக்கிறியா?" என்று கத்துவார் என்று காத்திருந்தேன்.

"இங்க வாயேன், என்கிட்ட இல்லாத காசு வந்திருக்கு!" என்றார்.

"ஓரம் நசுங்கியிருக்கேங்க."

"எந்த மடையன் கீழ போட்டானோ! இருந்தாலும் விடமாட்டேன்."

விடவில்லை. ஏலத்தில் ஜெயித்துவிட்டார். இன்று அதைப் பொட்டலம் கட்டி, நம் வீட்டு முகவரியையே எழுதி அனுப்பிவிட்டு வந்தேன். தபால்காரர் வரும் வழியைப் பார்த்தபடி ஜன்னலோரம் நிற்கிறார்.

தேர்வு முடிந்து வந்தால் போதும் என்றேன் அல்லவா? வேண்டாம், இப்போதே கிளம்பி வா. வாசலில் பார்த்ததும் அவர் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை நான் கேட்க வேண்டும்.

உன் வரவுக்காக,
அம்மா