சத்தமில்லாமல் நகர்ந்த கார்

மேனாம்பேடு,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் நிவேதிதாவுக்கு அப்பா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் கை கால் முழுசாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தை விஷ்ணுவும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். என்னடா இது, எடுத்ததுமே கை கால் என்கிறாரே என்று பதறாதேம்மா. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன், மூன்று நாளாகியும் படபடப்பு அடங்கவில்லை.

நீ வாங்கிக் கொடுத்த எலெக்ட்ரிக் கார் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. வேண்டாம் என்று நான் எவ்வளவு அடித்துக்கொண்டேன், உனக்கே தெரியும். பங்க்கில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றாலும் பரவாயில்லை, டிக்கி முழுக்க சிலிண்டர் அடைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, பழைய கேஸ் காரே போதும் என்றேன். நீ விட்டால்தானே! திருமழிசை கம்பெனிக்குப் போய்வர எவ்வளவு தூரம், வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கோ, வரிசையில் நிற்கிற வயசாப்பா உனக்கு என்று என் வாயை அடைத்துவிட்டாய்.

சனிக்கிழமை மாங்காடு கோயில் வாசலில் பூஜைக்கு நிறுத்தினோம். பக்கத்து வீட்டு ஜெகனும் கூட வந்தான். மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, உன் அம்மா ஒவ்வொரு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு வந்தாள். நான் சீட்டில்தான் இருந்தேன். குருக்கள் கற்பூரத் தட்டோடு வருகிறாரே, செருப்போடு தொட்டுக் கும்பிடக்கூடாதே என்று காலை எடுத்து, குனிந்து செருப்பைக் கழற்றினேன். உறுமினால் வண்டி ஓடுகிறது, உறுமாவிட்டால் நின்றுவிட்டது, இவ்வளவு வருஷமாக எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் அணைக்காமல் விட்ட இந்தப் பாவி வண்டி பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் பூனை மாதிரி நகர்ந்திருக்கிறது! ஜெகன் போட்டான் பார் ஒரு கத்தல், நைனா, பிரேக்க அமுக்கு, அம்மா முன்னால குந்திகினு கீறாங்க என்று. எப்படி மிதித்தேனோ தெரியாது. இறங்கிப் பார்த்தால், ஐயோ, அவள் முந்தானை டயருக்கு அடியில், விரலுக்கும் டயருக்கும் நடுவில் ஒரு பழம் அளவுகூட இடமில்லை.

கோயில் வாசலிலேயே ஊரைக் கூட்டி அந்த வண்டியைத் திட்டித் தீர்த்தேன், உன்னையும் சேர்த்துத்தான். சத்தம் வராத வண்டியெல்லாம் ஒரு வண்டியா, முன்னால் யாருமில்லை என்று பார்த்துவிட்டுத்தானே குனிந்தேன் என்றேன். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா மெதுவாகக் கேட்டாள், ஏங்க, இடது சக்கரத்துக்குப் பக்கத்துல நின்னு பழத்தைத் தூக்கிக் காட்டினேனே, நீங்களும் தலையாட்டினீங்களே என்று. நான் குருக்களைப் பார்த்துத் தலையாட்டினேன் நிவேதிதா. அவள் நின்றது எனக்குத் தெரியவே இல்லை.

இடது கண்ணில் ஒன்றரை வருஷமாகப் புகை அடித்த மாதிரி இருக்கிறது. சொன்னால் சாவியைப் பிடுங்கிக்கொள்வீர்கள் என்று மறைத்துவிட்டேன். மற்ற வண்டிகளின் ஹாரனையும் என் எஞ்சின் சத்தத்தையும் வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன், கேஸ் காரே வேண்டும் என்று அடம்பிடித்ததும் அதனால்தான். நேற்று அம்பத்தூரில் கண் டாக்டரிடம் போனோம். வலது கண்ணிலும் புரை ஆரம்பித்திருக்கிறதாம், இடது கண்ணுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன். இவ்வளவு நாள் எப்படி சார் ஓட்டினீங்க என்று அந்த டாக்டரம்மாவே அதிர்ந்துபோய்விட்டாள். இரண்டு சாவியும் இப்போது அம்மா இடுப்பில்.

அங்கே பனி விழுகிறதாம், குழந்தைக்குக் காதை மூடிக் கூட்டிப்போ, உனக்கும் அடிக்கடி தலைவலி என்றாயே, நாள் கடத்தாமல் கண்ணைக் காட்டு. நீங்கள் மூன்று பேரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. போன பொங்கலுக்கு வந்தபோது ஏர்போர்ட்டிலிருந்து உங்களை நான்தானே ஓட்டிக்கொண்டு வந்தேன், குழந்தை உன் மடியில் தூங்கிக்கொண்டு வந்தான்.

உன் அப்பா,
பரந்தாமன்