மூன்றாம் தண்ணீர்

பதுளை. விரோதிகிருது வருஷம், ஐப்பசி 4

மூன்று நாள் ஒதுங்கியிருந்து இன்று தலைமுழுகினேன். கழுத்திலும் இடுப்பிலும் முள்முள்ளாகத் தடிப்பு. காலையில் கத்தரிக்காய் என்றார்கள், மத்தியானம் கருவாடு, பொழுது சாய்வதற்குள் மாரியாத்தா என்று முடிவாகிவிட்டது. வைத்தியரை அழைக்கலாமா என்று கேட்ட என் வீட்டுக்காரரை, "ஆத்தா வந்த வீட்டுல மருந்துப் பேச்சா? வாயக் கழுவுடா" என்று மாமியார் அடக்கிவிட்டார்.

ஐப்பசி 5

ஏழு மாதக் குழந்தை வள்ளியைப் பண்டாரவளைக்கு அனுப்பிவிட்டார்கள். ஓரகத்தி ஜெயலெட்சுமி அக்கா பிள்ளையைப் பறிகொடுத்து ஒரு மாதம்தான் ஆகிறது. பால் இருக்கிறது, கொடுப்பாராம். வண்டியில் ஏற்றும்போது கதவிடுக்கில் பிள்ளையின் முதுகை மட்டும் பார்த்தேன்.

மார் கட்டிக்கொண்டு உயிர் போகிறது. சுவரில் பீய்ச்சிவிடச் சொல்கிறார் மாமியார்.

ஐப்பசி 11

தடிப்பு அமுங்கியது. தலைக்கு முதல் தண்ணீர் விட்டார்கள். மூன்று தண்ணீரும் விட்டால்தான் வள்ளி வருவாள்.

ஐப்பசி 12

மாற்றுச் சேலை உடுத்திச் சற்று நேரத்தில் மறுபடியும் — அரிப்பு போட்டுப் பிடுங்குது. நான் என்ன பாவம் செஞ்சேன்? ஒனக்கு என்னதான் வேணும், ஆத்தா?

"கோவிச்சுக்காதடி, ஆத்தா இன்னும் எறங்கல" என்றார் மாமியார், கதவுக்கு வெளியே நின்று. எல்லாம் முதலிலிருந்தாம்.

ஐப்பசி 24

மழை. இப்போதெல்லாம் மார் கட்டுவதில்லை.

கார்த்திகை 2

இரண்டாம் தண்ணீர் வரை வந்து, மறுபடியும். எழுதக் கை வரவில்லை.

கார்த்திகை 9

அம்மை கண்டவள் துணியை வண்ணானுக்குப் போடக்கூடாது, வீட்டுத் துணியோடும் சேர்க்கக்கூடாது. அதனால் தூரமான நாளில் உடுத்தும் துணி காயும் கொல்லை முருங்கையில்தான் என் சேலையும் காய்கிறது. இன்று மழை விட்டதும் ஜன்னலைத் திறந்தேன். அடிமரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி. என் சேலைமேலும் ஊர்கிறது. வந்த கோபத்துக்கு அந்த மரத்தையே வெட்டிச் சாய்த்திருப்பேன். ஆத்தாவுமில்லை, கருவாடுமில்லை!

மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இருக்கட்டும். தண்ணி ஊத்தாம புள்ளையத் தொடக்கூடாது" என்றார்.

கார்த்திகை 17

கொடியில் காய்ந்த சேலைதான் உடுத்துகிறேன். மூன்றாம் தண்ணீரும் ஆயிற்று. உடம்பில் ஒரு பொட்டுத் தடிப்பு இல்லை.

கார்த்திகை 19. பண்டாரவளை

அக்கா வள்ளியை என் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். வள்ளி என்னை நிமிர்ந்து பார்த்து வீறிட்டாள். மாரில் வைத்தேன். இரண்டு முறை இழுத்தாள், ஒன்றும் வரவில்லை. அடுப்படிப் பக்கம் கையை நீட்டி நீட்டி அழுதாள்.

"அக்கா, வாங்க. பசியோட இருக்கா" என்று நான்தான் கூப்பிட்டேன்.

ஓடி வந்து வாங்கிக்கொண்டார். அழுகை நின்றது. "பால் மறக்குற மட்டும் இங்கயே இருக்கட்டுமா?" என்று என்னைப் பார்க்காமலே கேட்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். தலையாட்டினேன்.

கார்த்திகை 20

விடியற்காலையில் நாங்கள் இரண்டு பேரும் வண்டியேறினோம். வள்ளி அக்கா பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.