அசையாமல் நின்ற மனுசன்

1973 யூலை 22, ஞாயிறு

விடியப் போய்க் கடை வரிசையில் நின்றும் பாண் கிடைக்கவில்லை. இன்றைக்கும் மரவள்ளிதான்.

தேத்தண்ணி வைத்துவிட்டு முதுகுக்குப் பின்னால் நின்று மூன்று தரம் கூப்பிட்டேன். என் மனுசன் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் துள்ளி விழுந்தார். கப்பல்களின் அடிக்குள் இறங்கிக் துருக் கறள் தட்டுகிற வேலை. இத்தனை வருசம் இரும்புக்குள் குந்தியிருந்து இரும்பை அடித்தால் காது என்ன செய்யும்? முகம் பார்த்துக் கதைத்தால் எல்லாம் விளங்கிக்கொள்கிறார். அதனால் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

"வாயத் துறந்திராத மைமூனா. துறைமுகத்தில தெரிஞ்சா அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பிப்போடுவாங்க" என்கிறார். அது சரிதான். ஆனால் வேறு பயமும் இருக்கிறதே எனக்கு.

யூலை 29

பந்துநாள் வருகிறது. தின்ன வழியில்லாத வருசத்திலும் அது மட்டும் நிற்காது.

நான் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது ஒரு ஜேர்மன் கப்பல் எந்திரம் பழுதாகி மாசக்கணக்காய் இங்கே கிடந்தது. அதன் ஆட்கள், தங்கள் ஊர்த் தெருக்களில் விளையாடுகிறதென்று சொல்லி, மரப்பந்தை நம்முடைய வீதியில் எறிந்து உருட்டிக் காட்டினார்கள். அவர்கள் போய்விட்டார்கள். பைத்தியம் இங்கே தங்கிவிட்டது. மேலைத்தெருவும் கீழைத்தெருவும் இரண்டு பக்கம். பந்து நின்ற இடத்திலிருந்து அடுத்தவன் எறிய வேண்டும். குறைந்த எறியில் கடற்கரைக்குக் கொண்டுபோகிறவர்கள் வெல்வார்கள்.

எறிகிறவனுக்கு முன்னால், தூரத்தில், ஓர் ஆள் நடுவீதியில் காலை அகட்டிக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். அவன் காலுக்கிடையால் பந்து போக வேண்டும். நிலைக்காரன் என்று பேர். பந்து தாண்டுமட்டும் அசையக்கூடாது, அசைந்தால் அந்த எறி போச்சு. கீழைத்தெருவுக்கு எப்போதும் என் மனுசன் முத்தலிப்தான் நிலைக்காரன். முகம் எறிகிறவன் பக்கம், முதுகு வீதி வளைவின் பக்கம். லொறி வருவது அந்த வளைவால்; வந்தால் அங்கே நிற்கிற ஆள் விசில் ஊதுவான்.

விட்டுவிடுங்கள் என்றேன். "அந்த ஒருநாள்தான் ஊர் என்னைப் பார்க்குது" என்றார். 

ஓகஸ்ட் 5

பொறுக்க ஏலாமல் போய்ச் சொல்லிவிட்டேன். பந்துநாளை நடத்துகிற அபூதாஹிர் நானாவிடம், அவருடைய தேத்தண்ணிக் கடைப் பின்வாசலில் நின்று, முழுவதும் சொன்னேன். "அவருக்குக் காது கேளாது நானா. விசில் ஊதிப் பிரயோசனமில்ல. லொறி வந்தா ஆள் ஓடிப்போய் அவரப் பிடிச்சு இழுக்கணும்."

நானா கடைப்பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தார். பிறகு, "ஒருத்தருக்கும் தெரியாமப் பார்த்துக்கொள்றன் தங்கச்சி. வளைவில விசிலோட நிக்கிறது சோமசேகரம். அவனுக்கு மட்டும் சொல்லி வைக்கிறன்" என்றார்.

இன்றைக்கு நித்திரை வரும்.

ஓகஸ்ட் 13

நேற்று, பந்துநாள், அஸர் தொழுகைக்குப் பிறகு. விறகு லொறி.

இன்று காலையில் அவரை அடக்கியாகிவிட்டது.

ஓகஸ்ட் 25

இத்தா இருக்கிறேன், புருசன் செத்தவளுக்கு நாலு மாசமும் பத்து நாளும். வாசலைத் தாண்ட ஏலாது, பிற ஆண்கள் முன்னால் வர ஏலாது. திரைக்கு இந்தப்பக்கம் இருந்துகொண்டு ஊர்க்கதை கேட்கிறேன்.

"சனமெல்லாம் கத்துது, விசில் கிழியுது, அந்த மனுசன் தூக்கின கையை இறக்கயில்ல. பந்து வருமட்டும் நிண்டார் பாருங்க." ஆளுக்கு ஆள் இதையே சொல்கிறார்கள். கண் கலங்கச் சொல்கிறார்கள்.

சனம் எந்த எறிக்குத்தான் கத்தவில்லை, கை வீசவில்லை? அவருடைய கண் பந்தில் இருந்திருக்கும். ஆனால் பிடித்து இழுக்க வேண்டியவன் எங்கே போனான்?

செப்டெம்பர் 9

சோமசேகரம் பெண்சாதியோடு வந்து முற்றத்தில் நின்றார். பெரிய ஆள், குரல் உடைந்துபோயிருந்தது.

"மூச்சு முட்ட ஊதினனான் தங்கச்சி. திரும்பியும் பார்க்கேல்லை மனுசன்."

"அபூதாஹிர் நானா உங்களுக்கு ஒண்டும் சொல்லயில்லையா?"

"என்னத்தை?"



செப்டெம்பர் 12

ஆள் அனுப்பி நானாவைக் கூப்பிட்டேன். திரைக்கு அந்தப்பக்கம் நின்று அழுதார்.

"மறந்துபோனன் மைமூனா. அரிசிக்கு அலைஞ்ச அலைச்சல்ல மறந்துபோனன்."

மறந்துபோனாராம். நான் என்ன உப்பு வாங்கிவரவா சொன்னேன்?

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இப்ப சொல்லி என்ன வரப்போகுது? ஊர் அவரை எப்பிடி மதிக்குது பார். செவிடன் எண்டு சொல்லி அதையும் கெடுக்கவா?"

அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும். ஆனால் என் மனுசனும் இதைத்தானே கேட்டார், வாயத் துறந்திராத என்று? நானும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒக்டோபர் 28

நோன்புப் பெருநாள். பக்கத்து வீட்டு அன்னலட்சுமி கடலையும் வாழைப்பழமும் கொண்டுவந்து என்னோடேயே இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

டிசெம்பர் 23

இத்தா முடிந்து முதல்தரம் வெளியே போனேன். அவர் விழுந்த இடத்துக்கு நேரே மதிலில் சுண்ணாம்பால் பெரிதாய் எழுதியிருக்கிறார்கள். 'அசையாத முத்தலிப்.'

வாசித்தபோது எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதை நினைக்க என் மேலேயே எரிச்சல் வருகிறது.

1974 யூலை 28

இந்த வருச நிலைக்காரன் இராசையாவாம். அன்னலட்சுமியின் புருசன். அவள் வயிற்றில் ஏழு மாசம்.

மத்தியானம் வந்து குசினிக்குள் என்னோடு தேங்காய் துருவிக்கொண்டு இருந்தாள். "மைமூனாக்கா, இவர் பின்னேரத்தில றோட்டில போய் நிண்டு பழகிறார். நேற்று பஸ்காரன் விலத்திக்கொண்டு போனவனாம். அசையேல்லையாம். முத்தலிப் அண்ணையின்ர பேரைக் காப்பாத்தோணும் எண்டு சொல்றார்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். துருவல் நிலத்தில் கொட்டுவதை அவள் கவனிக்கவில்லை.

ஓகஸ்ட் 4

நானாவிடம் மறுபடி போனேன். "அவருக்குக் காது கேளாது எண்டு ஊருக்கு நீங்களே சொல்லுங்க" என்றேன். "விளையாட்டு முடியட்டும்" என்றார்.

போன வருசமும் உங்களிடம்தான் சொன்னேன் நானா.

ஓகஸ்ட் 10

என்னங்க, கோவிக்காதீங்க. உங்கட மானம் பெரிசுதான். அன்னலட்சுமிட வயித்துப் பிள்ளைக்கு வாப்பா வேணும்.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

முதற்பந்தை நான்தான் தொட்டுக் கொடுக்க வேண்டுமென்று கூப்பிட்டிருந்தார்கள். நானா என் மனுசனைப்பற்றி நல்லாய்க் கதைத்தார். பந்தை என் கையில் வைத்தார். நான் அதை எறிகிறவனிடம் கொடுக்கவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு நடுவீதியில் நின்ற இராசையாவிடம் நடந்து போனேன். இவ்வளவு ஆண்கள் முன்னால் நான் சத்தம்போட்டதே இல்லை.

"அவருக்குக் காது கேளாது. விசில் அவருக்குக் கேட்கயில்ல. கேட்டிருந்தா ஓடியிருப்பார். என்னட்ட வந்திருப்பார்."

அபூதாஹிர் நானா மர வாங்கில் குந்திவிட்டார். "ஒரு பொம்பிளை, செத்த புருசனை இப்பிடி" என்று ஆரோ தொடங்கினான். சோமசேகரம் அவனைப் பார்த்த பார்வையில் வாயை மூடினான். சோமசேகரம் அழுதுகொண்டிருந்தார்.

எறிகிறவனிடம் பந்தைக் கொடுத்துவிட்டு மதிலோடு நின்றேன். எப்படியோ விளையாட்டு நடந்தது.

ஐந்தாவது எறியோ ஆறாவதோ, வளைவில் ஒரு லொறி. விசில் கேட்டது. பந்து பாதிவழியில் வந்துகொண்டிருந்தது. இராசையா ஒருதரம் என்னைப் பார்த்தான். பிறகு ஓடினான்.

எறி போச்சு. கீழைத்தெரு தோற்றது.

ஓகஸ்ட் 12

மதிலில் இருந்த அவர் பேரை ஆரோ சுரண்டிவிட்டார்கள். தெருவில் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. அன்னலட்சுமி சோறு கொண்டுவந்தாள். இராசையா வாசல் படலையில் நின்றான், உள்ளே வரவில்லை.