ஏட்டு உப்பு ஒரு பெட்டி

பெருமாநல்லூர்,
மே 12.

அன்புள்ள சுடலை மச்சானுக்கு,

மாரிச்செல்வம் எழுதிக்கொள்வது. நலம் என்று தொடங்கித்தான் எழுத வேண்டும். இந்தத் தடவை கை அதற்கு வரவில்லை. வேப்பலோடையில் நீங்களாவது சுகமாக இருக்க வேண்டும்.

என் நம்பரையும் உங்கள் தங்கச்சி பாண்டியம்மாள் நம்பரையும் நீங்கள் பிளாக் செய்து வைத்திருப்பது தெரியும். மகள் வேல்விழி வேறு போனிலிருந்து கூப்பிட்டாள். அவள் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் அக்காதான் வழி சொன்னார். "கடுதாசி போடுங்க தம்பி. கிழிச்சுப் போடறதுக்காச்சும் கையில வாங்கோணுமில்லீங்க" என்றார். கிழிப்பதென்றால் படித்துவிட்டுக் கிழியுங்கள், மச்சான்.

பாண்டியம்மாளுக்கு உடம்பு ரொம்பவும் மோசம். இருதயம் ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறுகிறதாம். கால் வீங்கி, நெஞ்சில் நீர் கோத்துக்கொள்கிறது. பொங்கலுக்குப் பிறகு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு அவள் போகவே இல்லை. உப்புதான் எதிரி என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சமையலில் உப்பே கூடாது. சாப்பிடும்போது சோற்றின் மேல் ஒரே ஒரு சிட்டிகை தூவிக்கொள்ளலாம். உப்புக்குப் பதில் என்று கடையில் விற்கிறார்களே, அது அவள் விழுங்கும் மாத்திரைக்கு ஆகாதாம்.

உப்பளத்தில் பிறந்தவள் உப்பில்லாச் சோற்றை எப்படி விழுங்குவாள்? வாயில் வைக்கிறாள், அப்படியே தட்டில் இறக்கிவிடுகிறாள். வெள்ளையம்மாள் அக்கா ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி வந்து உருக்கி ஊற்றிப் பார்த்தார். அதுவும் இறங்கவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், நானும் பட்டினி கிடந்து பார்த்தேன். சாப்பிடாவிட்டால் மருந்து வேலை செய்யாது என்கிறார் டாக்டர். துணியில் கலர் பிடிப்பதற்காக மூட்டை மூட்டையாக உப்பைப் பிரித்துச் சாய மெஷினில் கொட்டுகிறவன் நான். வீட்டுக்கு வந்தால் ஒரு சிட்டிகையை வைத்துக்கொண்டு திண்டாடுகிறேன்.

போன மாதம் வேல்விழி கோயம்புத்தூரில் பெரிய கடைக்குப் போய் வெளிநாட்டு உப்பு ஒரு டப்பா வாங்கி வந்தாள். அதற்கு ஃபினிஷிங் சால்ட் என்று பெயராம். சமைத்து முடித்த பிறகு மேலே தூவுவதற்கென்றே செய்கிறார்களாம். கைக்குள் அடங்குகிற டப்பா, விலையோ ஐந்நூறு ரூபாய்க்கு மேல். கடல் தண்ணீர் காய்ந்ததற்கு இவ்வளவா, இதை எந்தக் கிறுக்கன் வாங்குவான் என்று கத்திவிட்டேன். அவள் மோர்ச் சோற்றின் மேல் நாலைந்து உப்புச் செதிலை வைத்து அம்மாவிடம் நீட்டினாள். பல்லில் அது நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. அன்றைக்குத் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் பாண்டியம்மாளுக்குத் தெரியாமல் வீட்டுக் கல்லுப்பை இடித்து, அதே அளவு தூவிக் கொடுத்தேன். முதல் வாயிலேயே கண்டுபிடித்துத் தட்டைத் தள்ளிவிட்டாள். நானும் இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். கல்லுப்பு கரைவதற்குள் சோறு தொண்டைக்குப் போய்விடுகிறது. செதில் உப்போ பட்டதும் வாயெல்லாம் பரவிவிடுகிறது. அள்ளிப் போட்டுச் சாப்பிடுகிற எனக்கு அது வீண் செலவு. சிட்டிகைக்கு மேல் போகக் கூடாதவளுக்கு அந்த வித்தியாசத்தில்தான் சாப்பாடே இருக்கிறது. கூடுதல் காசுக்குத் தகும் என்று மகளிடம் ஒத்துக்கொண்டேன்.

ஆனால் டப்பா பாதி ஆவதற்குள் அதையும் வேண்டாம் என்றுவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "நல்லாத்தான் இருக்கு. எங்கண்ணன் அள்ளுத ஏட்டு உப்பு மாதிரி வராது. அதைத்தான் வாளித் தண்ணியில கரைச்சுட்டோமே" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

எங்கள் புது வீட்டுப் பால்காய்ப்பை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிறந்த வீட்டு உப்புதான் முதலில் வாசல் தாண்ட வேண்டும் என்று ஓலைப்பெட்டியைத் தலையில் சுமந்து வந்தீர்கள். காற்று அசையாத மத்தியானங்களில் உப்பளப் பாத்தியின் மேல் பாலேடு போலக் கட்டுவதை, கீழே இறங்குவதற்குள் வழித்துச் சேர்த்த ஏட்டு உப்பு. வீடு துடைக்க வந்த வேலைக்கார அம்மா, இந்தப் பக்கத்து வழக்கப்படி தரைக்கு உப்புத் தண்ணீர் விடுவதற்காகப் பெட்டியில் பாதியை வாளியில் கொட்டிவிட்டார். நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். வந்தவர்களைக் கவனிக்கிற அவசரத்தில் பாண்டியம்மாள், "உப்புதானேண்ணே" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். பந்தியில் உட்காராமலே நீங்கள் பஸ் ஏறினீர்கள். அந்த வார்த்தையை நினைத்து நினைத்து அவள் நொந்துபோகிறாள், மச்சான்.

ஒரு கைப்பிடி அனுப்புங்கள். என்ன விலையானாலும் தருகிறேன் என்று எழுதினால் இன்னும் கோபம் வரும், அதனால் எழுதவில்லை. கோபம் இருக்கட்டும். கோபத்தோடேயே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை
மாரிச்செல்வம்.


பெருமாநல்லூர்,
ஜூன் 3.

அன்புள்ள மச்சானுக்கு,

பஸ் பார்சலில் பெட்டி வந்து சேர்ந்தது. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

மேலே தைத்திருந்த துணியைப் பார்த்ததும் உங்கள் பழைய வேட்டி என்று சொல்லிவிட்டாள். பிரித்ததும் விரலை உள்ளே விட்டு மெதுவாகத் துழாவினாள். ருசி பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். கடிதம் ஏதும் வைத்திருக்கிறீர்களா என்று தேடியிருக்கிறாள். இல்லை என்றதும் ஒரு செதிலை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அன்று இரண்டு இட்லி சாப்பிட்டாள். அடுத்தடுத்த நாளும் சாப்பிட்டாள். அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

பத்து நாட்களுக்கு முன் திடீரென்று மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஏட்டு உப்பால்தான் வந்ததோ என்று நடுங்கிப்போய் டாக்டரிடம் கேட்டேன். அதனால் இல்லை, இருதயம் ரொம்பவும் களைத்துவிட்டது என்றார். உங்கள் மனசில் அந்தக் குறை வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

முந்தாநாள் டாக்டர் என்னையும் வேல்விழியையும் தனியாக அழைத்தார். வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார். "இனிமே உப்புக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். அவங்க எதை ஆசைப்படறாங்களோ அதைக் கொடுங்க" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு, பாண்டியம்மாளிடம் சொல்ல ஓடினேன். வேல்விழி ஏன் என் பின்னாலேயே வராமல் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் திரும்பி நின்றாள் என்பது, பாண்டியம்மாளிடம் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பாண்டியம்மாளுக்கு உறைக்கவில்லை. "எனக்குத் தேவலையாயிட்டு, அதான் உப்பு சேக்கச் சொல்லிட்டாவ. அண்ணனுக்கு எழுதுங்க. வந்தா உப்புப் போட்டு மீன் கொழம்பு வெச்சுத் தாரேன்" என்றாள். எழுதுகிறேன் என்று தலையாட்டினேன். மச்சான், அவள் முன்னால் தலையாட்டுவதைத் தவிர என்னால் வேறு எதுவும் முடியவில்லை. சாய ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு நாள் முழுக்கக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து குழம்பில் தாராளமாக உப்புப் போடுகிறோம். உங்கள் ஏட்டு உப்பை மட்டும் தொட விடமாட்டேன் என்கிறாள். மிச்சத்தோடு பெட்டியை மூடி வாசலுக்கு வெளியே நாற்காலியில் வைக்கச் சொன்னாள். பால்காய்ப்பில் நின்றுபோனதை நீங்கள் வந்து முடித்து வைக்க வேண்டுமாம். நீங்களே உங்கள் கையால் பெட்டியைத் தூக்கி வாசல் தாண்டி உள்ளே வைக்க வேண்டுமாம். துடைக்க வருகிறவர்கள் யாரும் எடுத்துவிடாமல் கட்டிலில் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மழைக்காற்று வீசுகிறது. உப்பு நீர்த்துப் போகிறது, உள்ளே வைக்கிறேன் என்றாலும் கேட்கவில்லை.

இனிப் பெட்டி அனுப்ப வேண்டாம். திருச்செந்தூர் முருகன் உங்களைப் பத்திரமாக இங்கே கொண்டுவந்து சேர்க்கட்டும். என்னோடு பேச வேண்டாம், என் வீட்டில் கை நனைக்கவும் வேண்டாம். அவள் உப்புப் போட்டுச் சாப்பிடுகிற இந்த நாட்களிலேயே வந்துவிடுங்கள், மச்சான்.

உங்கள் வழியைப் பார்த்திருக்கும்,
மாரிச்செல்வம்.