வலது காதுப் பக்கம்

2025 யூன் 3, செவ்வாய்

எட்டுப் பெண்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஓகஸ்டில் ஐந்து நாள் மலைநாடு. அப்புத்தளை வரை சைக்கிளில் ஏற்றம், அதற்கு மேலே ஓகியாப் பக்கம் நடை. அந்த மலை றோட்டை முன்கூட்டியே ஓடிப் பார்த்து வந்த நான்தான் வழிகாட்டி. இந்தச் சைக்கிள் பயண நிறுவனத்தை நடத்துகிற பார்த்தீபன் அண்ணை காலையில் சொன்னார்: "உதை ஒழுங்காச் செய்து முடி றெஜினா. இனி பொம்பிளையளின்ரை மலைப் பயணம் எல்லாம் உனக்குத்தான்."

மூன்று வருடமாக வெள்ளைக்காரருக்குக் கோட்டையும் கோயிலும் காட்டிக் காட்டி அலுத்த எனக்கு மலை! முகத்தை வெகு சாதாரணமாக வைத்துக்கொண்டு "ஓம் அண்ணை" என்றேன். உள்ளுக்குள் குதித்தேன்.

பிறகு மருத்துவப் படிவம் தந்தார். கண்: நன்று. இதயம்: நன்று. கேட்கும் திறன் என்ற இடத்தில் பேனை கொஞ்சம் நின்றது. அங்கேயும் நன்று என்றுதான் எழுதினேன்.

பொய். வலது காது செத்து இரண்டு வருடம். ஒற்றைக் காதுக்குச் சத்தம் கேட்கும், எந்தப் பக்கத்தால் வருகிறது என்று தெரியாது. காற்று அடித்தால் அதுவும் இல்லை. எங்களை முந்துகிற வாகனமெல்லாம் வலப்பக்கத்தால்தான் வரும். அதற்காக ஹாண்டிலில் ஒரு கண்ணாடி பூட்டியிருக்கிறேன். முகம் பார்க்கிறாள் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும்.

காது கேளாதவளை நம்பி மலை வளைவுக்கு ஆர் ஆட்களை அனுப்புவினம்? வாயைத் திறந்தால் வேலை போச்சு.

யூன் 7, சனி

முதல் பயிற்சி. யாழ்ப்பாணத்தில் ஏறிப் பழக மலைக்கு எங்கே போவது? புத்தூரில் வீதி கொஞ்சம் உயர்ந்தால் அதுவே எங்களுக்கு மேடு. ஆனால் சோளகக் காற்று இருக்கிறது. இந்த மாதத்தில் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் மிதித்தால் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அரை மணித்தியாலத்தில் தொடை எரிந்துவிடும்.

எனக்கு அடுத்ததாக வந்தவள் சாருஜா. கரவெட்டிப் பிரதேச செயலகத்தில் வேலை, வயது இருபத்தாறு, வாய்க்கு வயது நூறு. "அக்கா, மலையெண்டால் ஏறினபிறகு ஒரு இறக்கமாவது இருக்கும். உந்தச் சனியன் பிடிச்ச காத்துக்கு இறக்கமே இல்லையே?" என்று கத்தினாள்.

"திரும்பி வரேக்கை பறப்பாய், மிதி" என்றேன். திரும்பி வரும்போது எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிக் கூவிக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த சனியும் இதே இடம், காலை ஐந்தரை என்று எங்கள் முகநூல் பக்கத்தில் போட்டேன். வழக்கமாகப் போடுவதுதான்.

யூன் 10, செவ்வாய்

தெரியாத நம்பரிலிருந்து ஒரு செய்தி. "பொம்பிளையளைச் சேர்த்துக்கொண்டு றோட்டளக்கிறியாம். காலை முறிச்சு விடுறன், பிறகு ஓடு பாப்பம்."

பெயர் போடத் தேவையில்லை. எமில்ராஜ். என் புருஷன். அவனை விட்டுவிட்டுக் குருநகரிலிருந்து திருநெல்வேலிக்கு வந்து, ஒரு அறையில் தனியாக இருந்து பதினாலு மாதம் ஆகிறது. இன்னும் அவனுக்கு நான் அவன் வீட்டுச் சாமான்.

காது போன அன்றைக்கு நான் செய்த குற்றம் ஃபோனில் ஒரு பயணியோடு சிரித்தது. இடக்கையன் அவன். காதைப் பொத்தி அறைந்தான். உள்ளே சீலை கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு அந்தக் காதில் கூவல் மட்டும்தான். நான் நிலத்தில் கிடக்க, முதுகில் இரண்டு உதை உதைத்துவிட்டுப் போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டான். அடித்ததைவிட அவன் ஆறுதலாக இருந்து சாப்பிட்டதுதான் இன்னும் எனக்குப் பற்றி எரிகிறது.

ஆஸ்பத்திரியில் கிணற்றடியில் வழுக்கினேன் என்று சொன்னேன். டொக்டர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நான் சொன்னதை எழுதினார்.

மீன் வெட்டும் கத்தியால் அந்த இடக்கையை மணிக்கட்டோடு தறிப்பதாக நினைத்துக்கொண்டு நான் நித்திரைக்குப் போன நாட்கள் உண்டு. பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொன்னதில்லை.

யூன் 14, சனி

எழுதத்தான் வேணும்.

பாலத்தின் நடுப்பகுதி. நான் முன்னுக்கு, பின்னால் எட்டுப் பேரும் ஒற்றை வரிசை. காற்று அப்படி ஒரு காற்று. கண்ணாடியில் உப்புத் தூவானம் பட்டு ஒன்றும் தெரியவில்லை, துடைப்போம் துடைப்போம் என்று நினைத்துக்கொண்டே மிதித்தேன். திடீரென்று வலப்பக்கத்தில் ஒரு உதை. நான் சைக்கிளோடு குறுக்கே போய் விழ, பின்னால் வந்த சாருஜா என்னில் மோதி முகம் குப்புறத் தார் றோட்டில். அவள் நாடி றோட்டில் பட்டது எனக்குக் கேட்டது. அது கேட்டது!

அவன்தான். மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு வந்து என் தலைமயிரைப் பிடித்தான். கடலோரக் கல்லுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். "சிரி பாப்பம், இப்ப சிரியடி" என்று சொல்லிச் சொல்லி வயிற்றில் குத்தினான். ஆரோ "ஐயோ, விடுங்கோ" என்று கத்தினார்கள். கடலிலை தள்ளப்போறான் எண்டு நினைச்சன். அவன்ரை கையைக் கடிச்சன். விட்டான். விழுந்து கிடந்த சைக்கிளிலை இருந்து காத்தடிக்கிற பம்மை உருவி எடுத்து வாயிலை போட்டன் ஒண்டு. இரத்தம். இன்னொண்டு. அவன் குந்தினான். குந்தினவனுக்கும் போட்டன். தோளிலை, முதுகிலை, அந்த இடக்கையிலை. வலை இழுத்துக்கொண்டு நின்ற இரண்டு பேர் ஓடிவந்து என்னைப் பிடிச்சிருக்காட்டி...

நான் நிறுத்தவில்லை. அவர்கள்தான் நிறுத்தினார்கள். இதை எழுதி வைக்கவேண்டும். எனக்கு அது நல்லாயிருந்தது.

யூன் 15, ஞாயிறு

சாருஜாவுக்கு நாடியில் ஏழு தையல். பூசைக்குப் போகவில்லை.

யூன் 17, செவ்வாய்

என் முறைப்பாட்டில் பொலிஸ் பிடித்த அவனை நேற்றே பிணையில் விட்டுவிட்டார்கள். கதைக்கத்தான் போனானாம், காற்று தள்ளி மோட்டார் சைக்கிள் தட்டுப்பட்டதாம், விபத்தாம். நான்தான் ஆளை அடித்தேனாம்.

இன்று அவன் தாய் செபஸ்தியம்மா வந்தா. கதிரையில் இருக்கவில்லை. வாசலில் நின்றே சொன்னா: "அவனுக்கு ரெண்டு பல்லுப் போட்டுது பிள்ளை."

"தெரியும் மாமி. ஒண்டை நான் றோட்டிலை கண்டனான்."

"கல்லானாலும் கணவன் எண்டு சும்மாவே சொன்னவை?"

"கல்லெண்டால் எப்பவோ தூக்கி எறிஞ்சிருப்பன் மாமி. கல்லு ஆரையும் தேடி வந்து அடிக்கிறேல்லை."

பிறகு குரலை இறக்கிச் சொன்னா: "வழக்கை வாபஸ் எடு. இல்லாட்டி அவன் சும்மா இருக்கமாட்டான். பெத்தவள் சொல்லுறன்." மிரட்டினாவா, எச்சரித்தாவா? முகத்தைப் பார்த்தால் அவவுக்கும் அவனில் பயம் மாதிரித்தான் இருந்தது.

யூன் 20, வெள்ளி

நிறுவனத்துக் கொட்டிலில் நின்ற பதினொரு சைக்கிளுக்கும் ரயர் வெட்டு. இருபத்திரண்டையும் ஆறுதலாக ஒவ்வொன்றாக வெட்டியிருக்கிறான். என் சைக்கிள் சீற்றில் கத்தியைக் குத்தி அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

பார்த்தீபன் அண்ணை என்னைக் குற்றம் சொல்லவில்லை. பொலிசுக்கு ஃபோன் எடுத்துவிட்டு, "மூண்டு பேர் பயணத்திலை இருந்து விலகிட்டினம்" என்று மட்டும் சொன்னார். நாசமாப் போவான். அவனுடைய கழுத்தை இந்த ரயர்க் கம்பியாலேயே நெரிக்கவேண்டும்.

யூன் 24, செவ்வாய்

லோயர் சுவர்ணா நல்ல மனுசி. தேத்தண்ணி ஆறும் வரை நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கேட்டா: "இதுக்கு முந்தி அடிச்சதுக்கு ஏதும் அத்தாட்சி இருக்கே? பாலத்திலை நடந்ததை விபத்தெண்டு சொல்லித் தப்பப் பாப்பினம். ரயர் வெட்டினதை ஒருத்தரும் காணேல்லை."

காதைச் சொன்னேன். அவ பேனையைக் கீழே வைத்துவிட்டா.

"ஒரு காது நிரந்தரமாப் போறது சட்டத்திலை கடுங்காயம். சட்ட வைத்தியர் பாத்து எழுதினால் அவன் சின்ன அடிபிடி எண்டு நழுவேலாது. ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் ஒளிச்சனீர்?"

ஏனென்றால் இந்தக் காதுதான் என் வேலையும். கோட்டில், நீதவான் முன்னால் சொன்னால் ஊருக்கே தெரியும். அவனை உள்ளே போடுகிற கடதாசியே என்னை மலையிலிருந்து இறக்கிவிடும். அடித்தவன் அவன். இரண்டு முறையும் பறிகொடுப்பவள் நானா?

யூன் 28, சனி

முடிவெடுக்க முடியவில்லை. காதில் கூவல் கூடிப்போச்சு.

யூலை 1, செவ்வாய்

சாருஜா வந்தாள். நாடியில் சிவப்புக் கோடு. தையல் எடுத்துவிட்டார்கள். நான் தேத்தண்ணி போட, பின்னால் நின்று சொன்னாள்:

"அக்கா, ஒண்டு கேக்கவேணும். அந்த மோட்டார் சைக்கிள் வந்ததை நான் கண்டனான். கன நேரமா உங்களுக்குப் பக்கத்திலை மெல்லமா ஓடினவன். உங்கடை பேரையும் கூப்பிட்டவன். நீங்கள் திரும்பியே பாக்கேல்லை. வேணுமெண்டுதான் பாக்காமல் போறியள் எண்டு நினைச்சன். அதுதான் நான் பேசாமல் வந்தனான். நான் கத்தியிருக்கவேணும், என்ன? என்ரை பிழைதானே?"

இரண்டு கிழமையாக இவள் இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். நான் தேக்கரண்டியைக் கீழே வைத்தேன்.

"எனக்குக் கேக்கேல்லை சாருஜா. அந்தப் பக்கம் எனக்குக் கேக்காது."

"எப்ப இருந்து?"

"ரெண்டு வருசமா."

அவள் என்னைப் பார்த்த பார்வை! எமில்ராஜ் அடித்த அடிகூட அப்படிப் பட்டதில்லை. "தெரிஞ்சிருந்தால் கத்தியிருப்பன் அக்கா. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் காணும். என்ரை நாடியை வைச்சே உங்கடை வேலையைக் காப்பாத்தினியள்?"

தேத்தண்ணியைத் தொடவில்லை. போய்விட்டாள்.

சரிதானே. அவள் சொன்னது முழுக்கச் சரி.

யூலை 4, வெள்ளி

பார்த்தீபன் அண்ணையிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த சாவியைச் சுவரில் எறிந்தார். "அந்தப் படிவத்துக்குக் கீழை கையெழுத்து வைச்சது நான். எட்டுக் குடும்பத்தின்ரை பிள்ளையளடி!" ஒருநாளும் என்னை 'டி' போட்டுப் பேசாத மனிசன்.

மலைப் பயணம் எனக்கு இல்லை. வெளியே வந்து றோட்டில் நின்று அழுதேன். அழுது முடித்து நேரே சட்ட வைத்தியரிடம் போனேன். இனி ஒளிக்க என்ன இருக்கு?

யூலை 9, புதன்

கோட்.

அவனுடைய லோயர் வேண்டுமென்றே என் வலப்பக்கம் வந்து நின்று தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். வாய் அசைகிறது, சொல் விளங்கவில்லை. "நான் என்ன கேட்டனெண்டு தெரியாதோ?" என்று அடுத்ததாகச் சத்தமாகக் கேட்டார். நடிக்கிறேன் என்று காட்டப் பார்த்தாராக்கும். எனக்கு ஆத்திரத்தில் உடம்பெல்லாம் கொதித்தது.

"நீங்கள் நிக்கிற பக்கம் எனக்கு இல்லை ஐயா. உங்கடை கட்சிக்காரர் எடுத்துப்போட்டார்" என்றேன். நீதவான் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். அறிக்கையைத் தரச்சொல்லி வாசித்தார். அவன் என்னைக் கிட்ட அணுகக்கூடாது என்று கட்டளை.

அதைக் கேட்டும் அடங்கினானா? வெளியே படியில் வைத்து, பொலிஸ் நிற்க, லோயர்மார் நிற்க, கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? பம்மால் பல்லை உடைத்த வீரி நான், இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு படியில் குந்திவிட்டேன். அடி விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் இரண்டு பொலிஸ்காரர் அவனை நிலத்தோடு அமுக்கிக்கொண்டு இருந்தார்கள். கன்னம் சீமெந்தில் கிடந்து உரசுகிறது. அப்போதும் என்னைத் தூஷணத்தால் ஏசுகிறான்.

திரும்ப உள்ளே கொண்டுபோனார்கள். விளக்கமறியல்.

சந்தோசப்படுவேன் என்று நினைத்திருந்தேன். பசித்தது. போய் இரண்டு இடியப்பக் கொத்துத் தின்றேன்.

யூலை 13, ஞாயிறு

வாசலில் சாருஜா. பின்னால் சைக்கிள்களோடு மற்ற நாலு பேரும். சாருஜா என் முகத்தைப் பார்க்காமல் கதவு நிலையைப் பார்த்துச் சொன்னாள்:

"எனக்கு உங்களிலை கோபம். அது வேறை. அந்த மலை றோட்டு உங்களைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. பார்த்தீபன் அண்ணையோடை கதைச்சிட்டம். கடைசியிலை வாறவ வாகனத்தைக் கண்டால் கத்துவா. அவவுக்கு முன்னாலை போறவ கத்துவா. அப்பிடியே முன்னுக்கு வரும். உங்களுக்குப் பின்னாலை நான். ரெண்டு சனி ஓடிக் காட்டச் சொல்லியிருக்கிறார். பிழைச்சால் இல்லை."

நான் "நன்றி" என்று தொடங்க, "சப்பாத்தைப் போடுங்கோ, வெயில் ஏறுது" என்றாள்.

யூலை 26, சனி

இரண்டாவது சனியும் முடிந்தது. பார்த்தீபன் அண்ணை மோட்டார் சைக்கிளில் எங்களுக்குப் பின்னால் வந்து வந்து பரீட்சை வைத்தார். காற்றோடு கத்திக் கத்தி எல்லாருக்கும் தொண்டை கட்டிப்போச்சு. புதுப் படிவம் தந்தார். வலது காது: கேளாது. எழுதினேன். கையெழுத்து வைத்தார்.

ஓகஸ்ட் 12, செவ்வாய், அப்புத்தளை

விடுதியில் இருந்து எழுதுகிறேன். விரல் விறைக்கிறது. கீழே முகில் கிடக்கிறது. இன்று மத்தியானம் சுவர்ணா ஃபோன் எடுத்தா: அவனுடைய பிணை மனு மறுபடியும் தள்ளுபடி. வளைவு ஒன்றில் காலூன்றி நின்று கேட்டுவிட்டு மிதிக்கத் தொடங்கினேன்.

வளைவுக்கு வளைவு பஸ், லொறி, கொழுந்து ஏற்றுகிற உழவு இயந்திரம். எது வந்தாலும் எங்களுக்கு 'பஸ்'தான். பின்னால் எங்கோ தொடங்கும். "பஸ்!" அடுத்தவள், "பஸ்!" இன்னொருத்தி. நாலு பெண்கள் கத்திக் கடைசியில் சாருஜா கத்துவாள். நான் இடது கையை உயர்த்தி ஓரம் கட்டுவேன். ஒரு பஸ் சாரதி தலையை வெளியே போட்டு எங்களைப் பார்த்துக்கொண்டே போனான், வளைவில் போய்ச் செருகாதது அவன் செய்த புண்ணியம்.

சாப்பாட்டிலும் சாருஜா அங்கால் மேசையில்தான் இருந்தாள். இன்று முழுவதும் அவள் என்னோடு கதைத்தது அந்த ஒரு சொல்தான். நாற்பத்தொரு தடவை. ஒன்றைக்கூட விடவில்லை.