ராஜா முகத்தில் ஒரு வெட்டு

14 மார்ச் 1960, திருப்பதி

இல்லை, தொட விடவில்லை. சந்திரம்மா தன் உள்ளங்கையிலேயே வைத்துக் காட்டினாள். மஞ்சள் துணிக்குள் ஒரு காசு. இலைக் கிரீடம் சூடிய தலை, சுற்றிலும் லத்தீன் எழுத்து. கன்னத்தின் குறுக்கே ஆழமான வெட்டு, அதில் இறுகிய மண். ஏர்க்கொழு பட்டிருக்கும்.

திருத்தணிப் பக்கத்துக் குடியானவர்கள். மாமனார் உழுதபோது கிடைத்ததாம். எல்லைப் போராட்டத்தில் ரயிலை மறித்த கணவர் ஆதிநாராயணனைப் போலீஸ் கொண்டுபோனபோது, அவர் திரும்பினால் இந்தப் பொன்னை மலைக்குச் செலுத்துவதாக முடிந்து வைத்தாள். அவர் வந்துவிட்டார். காசு போகவில்லை. கொழுந்தன் ஏகாம்பரம் அதைப் பித்தளை என்கிறான்.

"பெருமாளுக்குப் பித்தளைய முடிஞ்சவளா நானு? அப்டி இருந்தா தாலிப் பொன்னக் கயட்டிக் குடுத்துட்டு, மஞ்சக் கயிறு கட்டிக்கினு போறேன். நீ பாத்துச் சொல்லு கண்ணு."

உரைகல்லில் தேய்க்கக் கூடாது. சுரண்டக் கூடாது. சாமிக்கு முடிந்தது.

எல்லை மாறினால் மலைக்கு வரப் பாஸ் கேட்பார்கள் என்றும் ஏகாம்பரம் பயமுறுத்தியிருக்கிறான். ஆதிநாராயணன் சிரித்தார். "ஏப்ரல் ஒண்ணுலேர்ந்து நாங்க மெட்ராசு. எங்க ராஜ்யம் தெரிஞ்சி போச்சி. இந்த ராஜா யாருன்னுதான் தெரில."

15 மார்ச்

பல்கலைக்கழகத்தில் என் பழங்காசு ஆராய்ச்சியை மேற்பார்க்கும் தேசிகன் சாரிடம் சொன்னேன். "கண்ணால பார்த்துட்டு ரோமன்னு எழுதிடாதே, மரகதம். முலாம் பூசி ஏமாத்தறது அந்தக் காலத்திலேயே உண்டு."

வேதியியல் துறையில் தானே பேசித் தராசும் வாங்கித் தந்தார். நன்றி சொல்லத் தெரியாமல் நின்றேன்.

20 மார்ச்

பித்தளை என்று நான் சொல்ல வேண்டி வந்தால்? அவள் கழுத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

24 மார்ச்

நீருக்குள் நிறுக்கலாமா என்று கேட்கவே பயந்தேன். "அபிஷேகந்தானே" என்றாள்.

தலை முழுகி வந்திருந்தாள். அவளே நூலில் கட்டித் தொங்கவிட்டாள். ஏகாம்பரம் வாசலில்.

"மஞ்சப் பொடி போடட்டா?"

"வேண்டாம்மா, எடை மாறிடும்."

"தொளசி?"

மறுக்க மனம் வரவில்லை. ஒரே ஓர் இலை. அது நூலில் ஒட்டிக்கொண்டது. மூன்று முறை நிறுத்தேன், மூன்று விடை.

"அந்தம்மாக்கே தெரில பாரு" என்றான் ஏகாம்பரம்.

காசை வெளியே எடுத்தாள். வெட்டிலிருந்த மண் ஊறிக் கரைந்திருந்தது. லென்ஸைப் பிடித்தேன் — ஏர் இழுத்த கோடு அல்ல. உளியால் ஒரே அடி. விளிம்புகள், ராஜாவின் மூக்கைப் போலவே தேய்ந்து வழவழப்பாக. பழைய வெட்டு, மிகப் பழையது. அடிவரை பார்த்தேன். முலாமென்றால் உள்ளே செம்போ பச்சைக் களிம்போ தெரிய வேண்டும். அடிவரை மஞ்சள்.

இலையை எடுத்துவிட்டு மறுபடி நிறுத்தேன். பித்தளை தண்ணீரைப் போல எட்டு மடங்குதான் கனக்கும். இது பத்தொன்பதை நெருங்கியது.

"தங்கந்தாம்மா" என்றேன்.

சந்திரம்மா தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றி, ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அப்ப மெட்ராசுல நல்ல வெலைக்குப் போவுமே அண்ணி?"

"பித்தளன்னு சொன்ன வாயா இப்ப வெல கேக்குது?"

அவனும்தான் சிரித்தான்.

ஒரு கணம் எனக்கும் அது வேண்டியிருந்தது. மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டி, கீழே என் பெயர். கேட்கவில்லை. கேட்காமல் இருக்க முடிந்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது?

25 மார்ச்

சார் படங்களைக் காட்டினார். தெற்கே கிடைத்த ரோமக் காசுகள் பலவற்றிலும் முகத்தில் இதே வெட்டு. எதற்கென்று யாருக்கும் உறுதியாகத் தெரியாதாம். சோதனையா, கோபமா?

"இனிமே தாராளமா ரோமன்னு எழுது."

எழுதினேன். ஆனால் மனம் அந்த உளியிடமே போகிறது. யாரோ ஒருவர், எந்தத் துறைமுகத்திலோ, ராஜாவென்றும் பாராமல் — நான் செய்யக் கூடாததை எனக்கு முன்பே செய்துவைத்திருக்கிறீர். பெயர் தெரியாதவரே, உமக்கு என் வணக்கம்.

31 மார்ச்

இன்று உண்டியலில் போட்டிருப்பார்கள்.

3 ஏப்ரல்

ஏகாம்பரம் வந்தான், கையில் லட்டு.

"அண்ணி குடுத்தனுப்பிச்சி. காசு வுழுந்த சத்தம் கேட்டுச்சாம், அதையே நாலு நாளா சொல்லிக்கினு கீது."

"இப்ப நீ வர்ற வழியில பாஸ் கேட்டாங்களா?"

"எவன் கேப்பான்!" தலையைச் சொறிந்தான்.

கடைசிவரை நான் அந்தக் காசைத் தொடவே இல்லை. வெட்டோடு அந்த முகத்தை நினைவிலிருந்து வரைந்தேன். லட்டில் பாதியைத் தேசிகன் சாருக்குக் கொடுத்தேன். தராசைத் துடைத்து, வேதியியல் துறையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.